மஞ்சள் அட்டையில் சாய்ந்த எழுத்து

பத்திரிகை அடிக்கும் கடைக்கு வருகிறவர்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை, தங்கள் பெயரைத்தான் பார்ப்பார்கள். கணினி முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்ட என் தொழில் தோழர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சாய்ந்த நெல்

செஞ்சி கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். இரண்டு வருடம் உழைத்து ஒரு தமிழ் எழுத்துரு வரைந்தேன். ஒவ்வொரு எழுத்தும் வலப்பக்கம் லேசாகச் சாயும், வளைவில் தடிக்கும், ஏறும்போது மயிரிழையாக மெலியும். முனையில் சின்னப் பாதம் இருக்கும். ‘ழ’வின் வாலுக்கு மட்டும் ஒரு மழைக்காலமே போனது.

முதலில் அதைப் போட்டது சிங்கவரத்துப் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு, வழவழப்பான கெட்டி அட்டையில். வீட்டுக்காரர் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். "இன்னாப்பா இது, காத்துல சாஞ்ச நெல்லு மாரி இருக்குது? செரி, அடி."

நல்ல எண்ணம்

அடுத்த மாதம் ஏழுமலை வந்தார். அந்தப் பெரிய வீட்டு நிலத்தில் கூலி வேலை செய்பவர். நர்ஸ் வேலை பார்க்கும் மகளுக்குக் கல்யாணம். பெரிய வீட்டுப் பத்திரிகையைக் கசங்காமல் பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்திருந்தார். இதே எழுத்து வேண்டும் என்றார். ஆனால் அவர் எடுத்தது சொரசொரப்பான மஞ்சள் அட்டை. அதில் என் மெல்லிய கோடுகள் விட்டு விட்டுத்தான் விழும். இதையெல்லாம் அவரிடம் விளக்குவானேன் என்று, நானாகவே நிமிர்ந்த தடித்த எழுத்தைப் போட்டு புரூஃப் எடுத்தேன். நல்ல எண்ணம்தான், சத்தியமாக.

ஏழுமலை எழுத்துக்கூட்டிப் படிப்பவர். விரல் வைத்துக்கொண்டே தன் பெயர்வரை வந்து நின்றார். பெரிய வீட்டுப் பத்திரிகையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. "எங்களுக்குன்னா மட்டும் வேற எழுத்தா தம்பி?"

திருத்தம்

அட்டை, மை, கோடு என்று என்னென்னவோ சொன்னேன். எல்லாம் உண்மைதான், எதுவும் அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் தவணை கேட்டேன்.

மயிரிழைகளை ஒவ்வொன்றாகத் தடிப்பாக்கினேன், பாதங்களை அகலமாக்கினேன். சாய்வை மட்டும் தொடவில்லை. மஞ்சள் அட்டையில் அடித்துப் பார்த்தபோது ஒரு கோடும் உடையவில்லை. சொல்லப்போனால் முதலில் வரைந்ததைவிட நன்றாகவே இருந்தது. ஏழுமலை இரண்டையும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "மொத பத்திரிக அவங்க வூட்டுக்குத்தான் வெக்கணும் தம்பி."

கேட்டு வந்தவர்

இந்த வருடம் பெரிய வீட்டுக்காரர் இளைய மகனுக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். அவர்களுக்கு அன்று போட்ட பழைய எழுத்தையே காட்டினேன். கண்ணுக்கே தெரியவில்லை என்று தள்ளிவிட்டு, ஓரம் வெளுத்த மஞ்சள் அட்டை ஒன்றை மேஜையில் வைத்தார். "ஏழுமல வூட்டு எழுத்து இருக்குதில்ல, அதையே எங்களுக்கும் போட்டுருப்பா."

அந்த எழுத்துருவுக்கு நான் ஆசையாக வைத்த பெயர் கணினிக்குள் பத்திரமாக இருக்கிறது, செஞ்சியில் அதைச் சொல்லிக் கேட்டவர்தான் இன்னும் ஒருவரும் இல்லை.