பெரியத்தையின் மணி

பெரியத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தது விடியற்காலையில். எங்களுக்கு அது தெரிந்தது வெயில் ஏறிய பிறகு. தினமும் கீரை கொண்டுவரும் அம்மாள் கதவைத் தட்டி, பதில் வராமல் பின்பக்கம் போய்க் கூப்பிட்டிருக்கிறாள். "இங்கன கெடக்கேன்டி" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டிருக்கிறது. அவள் கீரைக் கூடையைப் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். அப்பா கொல்லைச் சுவர் ஏறிக் குதித்துத்தான் கதவைத் திறந்தார்.

பெரியத்தை அப்பாவுக்கு மூத்த அக்கா. பிள்ளைகள் இல்லை. மாமா இறந்து பல வருடமாகிவிட்டது. மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடுதான் அவருடையது. இடையில் ஒரு டிராக்டர் போகிற அளவுக்குத் தெரு. அந்த வீட்டில் அவர் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, வானொலியை உரக்க வைத்துக்கொண்டு இருந்தார். நல்லவேளையாக எலும்பு எதுவும் பெரிதாக முறியவில்லை. மணிக்கட்டில் மட்டும் மாவுக்கட்டு. உத்தமபாளையத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்த அன்றே அப்பா பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"பேசாம எங்கூட வந்துரு அக்கா."

"எதுக்கு? என் வீட்ல நான் நெனச்ச நேரத்துக்கு ஒலை வைப்பேன், நெனச்ச நேரத்துக்குப் படுப்பேன். உன் வீட்ல வந்து, காப்பி குடிக்கலாமான்னு யார் மொகத்தையாச்சும் பாத்துக்கிட்டு உக்காரணுமா?"

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. பெரியத்தை அம்மாவைக் குறை சொல்லவில்லை, ஆனாலும் சுருங்கிவிட்டது. அப்பா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. குளியலறைத் தரையைச் சொரசொரப்பாகப் பூசவைத்தார். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு குழாயைப் பதித்தார். பெரிய குண்டு பல்பு மாட்டினார். செல்போனும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். பெரியத்தை அதைத் துணியில் சுற்றி பீரோவில் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டார். அதன் பிறகுதான் மணி யோசனை வந்தது. பெரியத்தை வீட்டில் சுவிட்சு, எங்கள் வீட்டில் மணி. அழுத்தினால் நாங்கள் ஓட வேண்டும்.

வயர் வேலைக்கு வந்தவன் குமுளிப் பக்கம் வேலை பார்த்துத் திரும்பியவன். நிற்கிற ஆளுக்குக் கை எட்டும் உயரத்தில் குளியலறைச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். பெரியத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகி, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்து, குழாயைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து, அப்படியே தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்.

"ஐயோ மதினி!" என்று அம்மா பதறினாள்.

"சும்மா இரு தாயி. ஏப்பா, விழுந்தவ எந்திரிச்சு நின்டு சுவிட்சப் போட முடிஞ்சா, அவளுக்கு எதுக்குப்பா சுவிட்சு?"

படுத்தபடியே நல்ல கையை நீட்டிச் சுவரைத் தட்டிக் காட்டினார். "இங்கன வையி." பிறகு ஒருக்களித்துப் படுத்து, "இப்பிடி விழுந்தா எட்டாது. அங்கன ஒண்ணு வையி." கட்டிலுக்குப் பக்கத்திலும் அடுப்படியிலும் அதே மாதிரி படுத்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. படுத்திருந்த பெரியத்தையும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த வீட்டு மணிச் சுவிட்சுகள் எல்லாம் என் முழங்காலுக்கும் கீழே அமைந்தது அப்படித்தான்.

வைக்கோல் வண்டி இடிக்காத உயரத்தில் தெருவுக்குக் குறுக்கே வயர் வந்தது. எங்கள் முன்னறையில் மாட்டிய மணி குருவி மாதிரிக் கத்தியது. சோதித்துப் பார்த்த அன்று நான் தெருவுக்கும் வீட்டுக்கும் ஓடி ஓடிக் களைத்துப்போனேன். நான் அப்போது நான்காம் வகுப்பு. அப்பா சின்னமனூரில் வாழைத்தார் ஏலக் கடை வைத்திருந்தார். அம்மா பள்ளிக்கூட டீச்சர். அவள் வேலை பார்த்த ஊரிலிருந்து பஸ் பிடித்து வரப் பொழுது சாய்ந்துவிடும். பள்ளி விட்டு வந்து வீட்டைத் திறந்து தனியாக உட்கார்ந்திருப்பது நான்தான். ஆகவே மணி அடித்தால் ஓடுகிற பொறுப்பும் மாலையில் என்னுடையது. நாங்கள் யாரும் இல்லாத நேரத்துக்குப் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

மணி அடிக்கவே இல்லை.

அதில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. முன்பெல்லாம் அப்பா கடைக்குக் கிளம்பும்போது எதிர் வீட்டுக்குள் தலையை நீட்டி, "அக்கா, எந்திரிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அம்மா குழம்பு கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்று பேசுவாள். மணி வந்த பிறகு அதெல்லாம் மெல்லக் குறைந்தது. யாரும் முடிவெடுத்துக் குறைக்கவில்லை. மணி அடிக்கவில்லையென்றால் அங்கே எல்லாம் நலம், அவ்வளவுதான். இரவு சாப்பிடும்போது அம்மா கேட்பாள், "மணி ஏதும் அடிச்சுச்சாடி?" நான் இல்லை என்பேன். "மதினி நல்லா இருக்காக" என்று அவள் அடுத்த தோசையைப் போடுவாள்.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. மணி கரண்டில் ஓடுவது. கரண்டு போனால் குருவி கத்தாது. அதனால் அம்மா ஒரு விதி வைத்தாள்: கரண்டு போனதும் நான் பெரியத்தை வீட்டுக்குப் போய்விட வேண்டும், வந்ததும் திரும்பி வந்து வீட்டுப் பாடம் எழுத வேண்டும்.

எங்கள் பக்கம் அப்போது மாலையில்தான் வெட்டு. தெருவே கரண்டு ஆபீஸைத் திட்டிக்கொண்டிருக்கும். நான் போகும்போது பெரியத்தை தலை வாரி, முகம் கழுவி, கதவை அகலத் திறந்து வைத்திருப்பார். வறுத்த கடலையோ அவித்த கிழங்கோ ஏதாவது தட்டில் தயாராக இருக்கும். என் ஜடையை அவிழ்த்து மறுபடி பின்னிவிடுவார். மஞ்சளாக எரிகிற சிம்னி விளக்கில் எங்கள் நிழல்கள் சுவரில் ஆடும்.

என் வகுப்பில் ஒருத்தி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். காரணம் எனக்குத் தெரியாது. அம்மாவிடம் சொன்னபோது, "அதெல்லாம் சரியாப் போகும்" என்றாள். பெரியத்தை மட்டும் தினமும் கேட்டார்.

"அந்தப் புள்ள இன்னைக்காச்சும் பேசுச்சா?"

"இல்ல, பெரியத்தை."

"நீயாப் போயிப் பேசாத. அதுக்கா தோணி வரட்டும்."

"வராட்டி?"

அவர் ஜடையின் நுனியை முடிந்தார். "வராட்டி என்ன செய்ய. இருக்க வேண்டியதுதான்."

கரண்டு வந்ததும் தெருவில் பையன்கள் ஓவென்று கத்துவார்கள். மின்விசிறி ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கும். பெரியத்தை விளக்கை ஊதி அணைத்துவிட்டு, "போயிட்டு வாத்தா, படிப்புக் கெட்டுப்போகும்" என்பார். இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அப்பாவுக்கு மனதுக்குள் உறுத்தல் இருந்திருக்க வேண்டும். குழந்தை இருட்டில் தெருவைத் தாண்டிப் போகிறதே என்று அம்மாவும் சொல்லிக்கொண்டிருந்தாள். வயர் வேலை பார்த்த குமுளிக்காரனை அப்பா மறுபடி கூட்டிவந்தார். பேட்டரியில் ஓடுகிற மணி ஒன்றை அவன் மாட்டினான்.

"இனிமே கரண்டு போனாலும் பயமில்ல அத்தை. எப்ப அமுக்குனாலும் அடிக்கும்" என்றான்.

"எப்பவுமா?" என்றார் பெரியத்தை.

"எப்பவும்."

அவர் அவனுக்குக் காப்பி போடப் போனார். அதோடு என் மாலைப் பயணமும் நின்றது.

புது மணி ஒருமுறை அடித்தது. அது ஐப்பசி மழை. வாய்க்கால் நிரம்பித் தெருவெல்லாம் சேறு. அப்பா சோற்றுக் கையோடு ஓடினார். அம்மா செருப்புப் போடாமல் ஓடினாள். பின்னால் நான்.

பெரியத்தை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். பணியாரக் கல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு தட்டில் ஏற்கெனவே நிறையச் சுட்டு வைத்திருந்தார்.

"கை தெரியாமப் பட்டுருச்சுப்பா" என்றார். "வந்தது வந்தீக, உக்காருங்க. சூடா ரெண்டு தின்னுட்டுப் போங்க."

முழங்காலுக்குக் கீழே இருக்கிற சுவிட்சில், நிற்கிற ஆளின் கை எப்படிப் படும் என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பயந்தவர்களுக்கு வருகிற கோபம் அவருக்கு வந்துவிட்டது.

"உசுரு போயி உசுரு வந்துச்சுக்கா. வெளையாட்டா இது? இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா வீட்டப் பூட்டிச் சாவிய நான் வாங்கிக்கிருவேன். நீ எங்கூடத்தான் இருக்கணும்."

"இல்லப்பா. இனிமே படாது."

நனைந்தபடியே திரும்பி வந்துவிட்டோம். பணியாரத்தை யாரும் தொடவில்லை.

பெரியத்தை சொன்னது சொன்னபடி நடந்தது. அதன் பிறகு மணி அடிக்கவில்லை. பெரியத்தை தன் வீட்டிலேயே, தன் கட்டிலிலேயே, இன்னும் சில வருடம் வாழ்ந்து ஒரு விடிகாலையில் தூக்கத்தில் போய்விட்டார். கடைசிவரை ஒருமுறைகூட விழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடம் அப்பா அதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் செய்ததெல்லாம் பலித்திருந்தது. அதில் பொய் இல்லை.

எனக்கு நினைவில் நிற்பது அந்த மழை முடிந்து வந்த ஒரு விடுமுறை நாள். அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மதியம் எனக்குப் பொழுது போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு எதிர் வீட்டுக்குப் போனேன். பெரியத்தை வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்தார்.

"மணி அடிச்சுச்சா? நான் தொடலயே."

"அடிக்கல, பெரியத்தை."

"கரண்டு இருக்குல்ல?"

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "இருக்கு" என்றேன்.

"அம்மா எதுவும் குடுத்துவிட்டாகளா?"

"இல்ல."

"பின்ன எதுக்குத்தா வந்த?"

"சும்மாதான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பி அடுப்படிக்குள் போய்விட்டார். நான் காத்திருந்தேன். பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. அடுப்புப் பற்றவைக்கிற சத்தமும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தபோது, மேடையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார்.

காரணமில்லாமல் வந்ததில் அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். சத்தம் போடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.