முனியப்பனுக்கு விட்ட கிடா

எண்பதுகளின் கடைசியில், வெளிநாட்டு நிதியில் ஓடிய ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் களப்பணியாளராக இருந்தேன். கிருஷ்ணகிரியில் ஒரு வாடகை அறை. வேலையெல்லாம் நாட்றாம்பாளையம் பக்கம், காட்டோரத்து ஊர்களில். அங்கே எல்லாருக்கும் நான் டீச்சர். பஸ்ஸை விட்டிறங்கி, ஓடையைத் தாண்டி, மேடேறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதியைக் கூட்டம் போட்டு வாங்கிவிடுவார்கள்.

எங்கள் திட்டம் எங்கோ ஒரு தீவுக்காகப் போட்டது. அங்கே புயலடித்தால் படகு போகும், வலை போகும், அதற்கடுத்து பெண்பிள்ளைகளின் படிப்பும் போகும். அதனால் பெண்பிள்ளைகள் பேரிலேயே ஆடு கொடுத்து, கெட்ட காலத்தில் விற்றுச் சமாளித்துக்கொள்ளச் சொன்னார்களாம். இங்கே கடல் எங்கே, புயல் எங்கே என்று கேட்டேன். "மழை பெஞ்சா ஓடை ரெண்டு பக்கமும் சுத்திக்குது, பெய்யலன்னா பஞ்சம். இதுவும் தீவுதாம்மா" என்றார் எங்கள் மேலாளர். வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. சம்பளம் கொடுக்கிறவர்கள் தீவு என்றால் தீவுதான்.

குறை சொல்லக் கூடாது, ஆடு வளர்ந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு பெண் பத்தாவது தேறியிருந்தாள். அவள் பேரில் நாங்கள் கொடுத்த பெட்டையாடு ஈன்றதில் ஒரு கிடா, பார்த்தவர் கண்படும்படி வளர்ந்து நின்றது. அந்த வருஷம் மழை இல்லை. ராகி முளையிலேயே கருகியது. வீட்டிலிருந்த மற்ற ஆடுகள் எல்லாம் சந்தைக்குப் போய்விட்டன. தாயாட்டை விற்கக் கூடாது என்பது எங்கள் விதி. அதையும் இந்தக் கிடாவையும் மட்டும் அவள் பிடிவாதமாக வைத்திருந்தாள்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி, பத்தாவது முடித்த பெண்களைப் பயிற்சிக்கு எடுத்தது. அவளை இன்டர்வியூவுக்கு நான்தான் கூட்டிப்போனேன். இடம் கிடைத்தது. ஹாஸ்டல் முன்பணம், துணிமணி, ஒரு தகரப் பெட்டி எல்லாவற்றுக்கும் அந்தக் கிடாவின் விலை போதும். போகாமல் இருந்தால் தாய்மாமனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காகிதத்தில் இருக்கிற திட்டம் ஒரு தடவையாவது தரையில் நடக்கப்போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சந்தை நாளன்று காலையிலேயே போனேன். கிடாவின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது அவளுடைய அப்பாவின் வேலை என்று நினைத்து, அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"என்னை ஏன் திட்டறீங்க டீச்சரம்மா? அந்தப் புள்ளையே போயி நேந்துக்கினு வந்திருக்குது" என்றார் அவர்.

அவள் ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றியபடி நின்றாள். "கம்பெனியில எடம் கெடச்சா இந்தக் கெடாவ வுடறேன்னு முனியப்பன்கிட்ட வேண்டிக்கினேன் டீச்சர். தண்ணி தெளிச்சதும் சிலுப்பிடுச்சு."

தெளித்த தண்ணீரை ஆடு சிலுப்பி உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். மேலே தண்ணீர் பட்டால் எந்த ஆடுதான் சிலுப்பாது? மனு எழுதியது நான், பஸ்ஸில் வாந்தி எடுத்தவளைத் தாங்கிப் பிடித்தது நான், பெயர் முனியப்பனுக்கு. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "இதை விட்டா வேற கிடைக்கலையா உனக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"சாமிக்கிட்டப் போயி நோஞ்சானக் காட்ட முடியுமா டீச்சர்?"

அவளுடைய அம்மா ஒரு வழி சொன்னாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, அடுத்த வருஷம் செய்கிறேன் என்று சாமியிடம் தவணை கேட்கலாம். எல்லாரும் செய்வதுதான். நாளைத் தள்ளலாம், ஆட்டை மாற்ற முடியாது என்றார் அப்பா. நான் விடவில்லை. கெஞ்சினேன், கத்தினேன். கடைசியில் அவரே இறங்கிவந்தார். "அது விக்கலாம்னு சொல்லட்டும், இப்பவே ஓட்டிக்கினு போறேன்."

எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் என்னை வேலிப் பக்கம் கூட்டிப்போனாள்.

"வித்துட்டுப் போயிடலாம் டீச்சர். ஆனா அங்க எனக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட, மெசினுல வெரலு மாட்டிக்கினாக்கூட, சாமி குத்தம்னுதான் சொல்லுவாங்க. அப்புறம் இந்த ஊருல இருந்து எந்தப் பொண்ணையும் அனுப்ப மாட்டாங்க. எனக்குக் கீழ தங்கச்சி இருக்கறா."

பதினாறு வயதுப் பெண் அவ்வளவு தூரம் யோசித்திருந்தாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆயாசம் இன்றுவரை போகவில்லை.

கிடா முனியப்பனுக்குப் போயிற்று. கம்பெனி இடம் வேறொருத்திக்குப் போயிற்று. பின்னால் கூட்டாளிகள் வந்தபோது, கிடா என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். உள்ளூர்ப் பண்பாடு என்று மேலாளர் இங்கிலீஷில் விளக்கினார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அடுத்த தை மாதம் அவளுக்குத் தாய்மாமனோடு கல்யாணம் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டேன்.

அதற்கடுத்த வருஷம் தங்கை பத்தாவது தேறினாள். அதே கம்பெனி, அதே ஹாஸ்டல். தாயாடு மறுபடி ஈன்ற கிடாவை அப்பாவே சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றார். தங்கையின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பில் கைக்குழந்தையோடு, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தாள் அக்கா. பஸ் கிளம்பும்வரை குழந்தைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே இருந்தாள்.

ஓசூர் போகிற வழியெல்லாம் தங்கைதான் பேசிக்கொண்டு வந்தாள். உனக்கும் ஏதாவது வேண்டுதல் இருக்கிறதா என்று பாதி பயத்தோடு கேட்டுவைத்தேன்.

"அக்கா கோயில் பக்கமே போக வுடல டீச்சர். எடம் கெடைக்கலன்னாலும் போவுது, சாமிகிட்ட மட்டும் வாயத் தொறக்காதன்னு சொல்லிடுச்சு."