எழுபது சதவீத ஈரம்

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அந்தச் சுருட்டுப் பெட்டி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. தொடத்தான் ஆளில்லை.

பெட்டிக்குச் சொந்தக்காரர் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் மேனேஜர். வீட்டிலும் மேனேஜர்தான். மனைவியில் தொடங்கி பால்காரர் வரைக்கும் எல்லோரும் தனக்குக் கீழே வேலை பார்ப்பதாக ஒரு நினைப்பு. சிகரெட் பிடிக்கிறவர்களைக் கண்டால் மூக்கைச் சுளிப்பார். இவர் பிடிப்பதோ வெளிநாட்டுச் சுருட்டு, அதுவும் பூட்டுப் போட்ட தேவதாருப் பெட்டியில். மூடிக்குள்ளே ஈரம் காட்டும் முள் ஒன்று உண்டு. அது எழுபதில் நிற்கவேண்டும். ஏறினால் பூசணம், இறங்கினால் இலை வெடித்துவிடும். அதற்காக அடியில் ஒரு ஸ்பாஞ்சு. அதில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றவேண்டும், குழாய்த் தண்ணீர் ஆகாது.

வீட்டுக்கு வந்தவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுப்பார். "இல மூச்சு விடும் சார். காத்து காஞ்சா செத்துடும். பச்சப் புள்ள மாதிரி பாத்துக்கணும்."

சுருட்டை இப்படிப் பார்த்துக்கொண்ட மகானுபாவர் கூடப்பிறந்த அண்ணனை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் முப்பது வருஷம் லேத் பட்டறையில் இரும்புத்தூளைச் சுவாசித்தவர். நுரையீரல் கெட்டு, தம்பி வீட்டுப் பின்னறையில் வாடகை ஆக்ஸிஜன் மெஷினோடு கிடந்தார். மெஷின் விடும் காற்று ஒரு சின்னக் குப்பித் தண்ணீருக்குள் குமிழி விட்டு, ஈரமாகி, குழாய் வழியே மூக்குக்கு வரும். குளுக்... குளுக்... நாள் முழுக்க அந்தச் சத்தம். அந்தக் குப்பிக்கும் அதே டிஸ்டில்டு வாட்டர்தான்.

ஒரு நாள் மதியம் கேனில் ஒரு டம்ளர்தான் மிச்சம். மேனேஜர் அதை எடுத்துப் பெட்டி ஸ்பாஞ்சில் ஊற்றினார்.

"குப்பி காஞ்சு கெடக்குதுங்க. உங்க அண்ணனுக்கு மூக்கெல்லாம் எரியுதாம்" என்றாள் மனைவி.

"ரெண்டு மணி நேரத்துல ஒண்ணும் கொறஞ்சு போயிடாது. இருமல் கேஸு, அதுக்கு எது இருந்தா என்ன?"

அவள்தான் கடைக்கு ஓடினாள். புதுக் கேனோடு திரும்பியபோது மணி நாலு இருபது. குளுக் சத்தம் இல்லை. அண்ணன் போய்விட்டிருந்தார்.

நுரையீரல் பழசு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மேனேஜர் மெஷினைச் சணல் கயிற்றால் கட்டி அதே அறையின் பரணில் ஏற்றினார். எடுத்துப்போக வருகிறேன் என்ற வாடகைக் கடைக்காரர் மூன்று மாதமாக வரவில்லை. அதற்குள் பின்னறை சுருட்டு அறையாகிவிட்டது. அண்ணன் கட்டில் கிடந்த இடத்தில் பெட்டி உட்கார்ந்தது.

இனிதான் விஷயம்.

ஒரு வியாழக்கிழமை மாலை அலுவலகத்தின் டைரக்டர் போன் செய்தார். ஞாயிறு நாலு மணிக்கு உங்கள் வீட்டில் ஒரு சுருட்டு, அப்படியே அந்த மண்டல மேனேஜர் பதவி பற்றியும் பேசிவிடலாம் என்றார். ஆறு வருஷமாக நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்த பதவி. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஸ்பாஞ்சை நனைத்து, முள் எழுபதில் இருப்பதைப் பார்த்து, பெட்டியைப் பூட்டினார். மணி ஆறு இருபது.

வெள்ளி மாலை திறந்தார். ஐம்பத்தெட்டு. ஸ்பாஞ்சு ரொட்டித் துண்டு மாதிரி காய்ந்திருந்தது.

"பெட்டியத் தொறந்து வச்சியா?"

"சாவி உங்க இடுப்புல இருக்கு."

சனிக்கிழமை முள்ளைக் கழற்றிச் சோதித்தார். நனைத்த உப்போடு ஒரு பையில் கட்டி வைத்தால் எழுபத்தைந்து காட்டவேண்டும். ஆறு மணி நேரம் வைத்தார். எழுபத்தைந்துதான் காட்டியது. முள்ளில் குற்றமில்லை.

மறுபடி பெட்டியில் வைத்தார். நாற்பத்து நாலு.

இரண்டு டம்ளர் ஊற்றினார். பலகையில் ஈரமில்லை. தரையில் ஈரமில்லை. தண்ணீர் எங்கே போனது?

ஞாயிறு மாலை மூன்று ஐம்பது. முப்பத்தொன்று.

அப்போதுதான் கேட்டது.

குளுக்...

குழாய் ஒழுகுகிறதா? மூடித்தான் இருந்தது.

குளுக்... குளுக்...

சத்தம் தலைக்கு மேலே. பரணில். அண்ணாந்து பார்த்தார். மெஷின் கட்டினபடியே கிடந்தது. வயர் அதைச் சுற்றியே இருந்தது.

நாலு ஐந்துக்கு டைரக்டர் வந்தார். அவர் காதில் எந்தச் சத்தமும் விழவில்லை. சுருட்டைக் கையில் எடுத்தார். மேல் இலை பொருபொருவென்று உதிர்ந்தது. பற்றவைத்தார். வைக்கோல் போல மளமளவென்று எரிந்தது. ஒரு இழுப்பு. கண்ணில் நீர் வர இருமினார்.

"மூச்சு விடும்னீங்களே! இது எப்பவோ செத்துப்போச்சு."

மேனேஜர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூக்கு எரிந்தது. தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது. வார்த்தை வரவில்லை. காற்றும் வரவில்லை.

"தண்... ணி..."

வாசலில் நின்ற மனைவி நகரவே இல்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரத்துல ஒண்ணும் கொறஞ்சு போயிடாது" என்றாள்.

முள் இறங்கியது.

இருபது...

ஒன்பது...

பூஜ்யம்.

குளுக் சத்தம் நின்றது.

மணி நாலு இருபது.

சட்டென்று தொண்டை திறந்தது. தரையில் மண்டியிட்டுக் காற்றை விழுங்கினார் மேனேஜர். டைரக்டர் சுருட்டைச் சாம்பல் தட்டில் போட்டுவிட்டு, ஒரு காய்ந்த இலையைக்கூடக் காப்பாற்றத் தெரியாத ஆளிடம் மண்டலத்தையா கொடுப்பது என்ற முகத்தோடு எழுந்து போனார். பதவியும் அவரோடு போனது.

புதன்கிழமை வாடகைக் கடைக்காரர் ஒருவழியாக வந்தார். மெஷினைப் பரணிலிருந்து இறக்கினார். காய்ந்து கிடந்த குப்பியில் கோடு வரைக்கும் தண்ணீர். தேநீர் நிறம். மூடியைத் திறந்ததும் அறை முழுக்கப் புகையிலை வாசம்.

அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரைக் குனிந்து பார்த்தார். அண்ணன் இறந்த அன்று மனைவி போனில் படித்துச் சொன்ன மீட்டர் எண்ணைத் தன் நோட்டில் தேடினார்.

"அதுக்கப்புறம் யாருக்கும்மா போட்டீங்க? எழுபது மணி நேரம் கூடுதலா ஓடியிருக்கே."

வியாழன் மாலை ஆறு இருபதிலிருந்து ஞாயிறு மாலை நாலு இருபது வரை நீங்களே எண்ணிப் பாருங்கள். வயரைச் சுற்றியிருந்த சணல் முடிச்சை அதற்குப் பிறகுதான் கடைக்காரர் அவிழ்த்தார்.