கஸ்தூரி பிரித்த எலும்புகள்

கஸ்தூரி இறந்த செய்தி, செங்கல்பட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் வந்தது. கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நானும் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அலுப்பு அப்படி. சாயங்காலம் பஸ்ஸில்தான் அழுகை வந்தது.

எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து தினமும் வருவார். இதைப் படிக்கும் பழைய மாணவர்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். கழுவாத தட்டைக் கண்டால் பேராசிரியர் என்றும் பார்க்கமாட்டார்.

அப்போது என் முனைவர் பட்டத்துக்காகத் தவளை எலும்புகளை அளந்துகொண்டிருந்தேன். வாழும் இடமும் நகரும் விதமும் எலும்பை எப்படி மாற்றுகின்றன என்பது கேள்வி. மழைக்காலத்தில் திருக்கழுக்குன்றம் சாலையில் வண்டியில் அடிபட்டுச் செத்தவற்றை நான் பொறுக்கி வருவேன், அவர் சதை நீக்கிச் சுத்தம் செய்வார். ஒருநாள் அவசரத்தில் மூன்று வகைத் தவளைகளின் எலும்புத் தட்டுகளையும் ஒரே வடிகட்டியில் கொட்டிக் கழுவிவிட்டேன். இரண்டு வருட உழைப்பு ஒரே குவியலாகக் கிடந்தது.

"இன்னா சார், எல்லாத்தையும் கூட்டு வெச்சிட்டீங்க?" என்றார். துறைத்தலைவரிடம் மூச்சு விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பிரித்தார். "இது குட்டையா கெட்டியா கீது, மண்ணு தோண்டுறது. இது நீட்டு, தாவுறது. இந்த வெரல் நுனி ரெண்டா பொளந்துகினு கீது பாருங்க, மரத்துல ஏறுறது." நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் கையால் தெரிந்துவைத்திருந்தார்.

இரண்டு கால் எலும்புகள் மட்டும் எதிலும் சேரவில்லை. "தெரியலன்னு எழுதுங்க சார், அதுல இன்னா கேவலம்?" என்றார். எனக்குக் கெடு நெருங்கியிருந்தது. தோண்டும் தவளைக் கணக்கில் சேர்த்து, அந்தப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். முடிவும் இன்னும் பளிச்சென்று வந்தது. பட்டம் கிடைத்து இனிப்பு கொடுத்தபோது, "அந்த ரெண்டு எலும்பு இன்னாச்சு சார்?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் ஆய்வக அலமாரியைத் திறந்து பார்த்தேன். தோண்டும் தவளைப் பெட்டியில் அந்த இரண்டும் இல்லை. பின்னால் ஒரு சின்ன மருந்துப் புட்டிக்குள் இருந்தன. மேலே ஒட்டிய சீட்டில் அவர் கையெழுத்து: 'எதுன்னு தெரியல.'

புட்டியை நான் வைத்துக்கொண்டேன். பல்கலைக்கழகத்துக்குத் திருத்தக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அனுப்பினால் பட்டம் என்னாகும் என்று யோசிக்கும் தெம்புகூட இல்லை. எலும்புகளைப் பிரித்தவர் கஸ்தூரி என்று முதல் வரியில் எழுதியிருக்கிறேன். என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில்கூட அவர் பெயர் இல்லை.