கதைக்குள் ஓடியவன்

சவாயி தீவில் பள்ளி வாத்தியார் இயெரெமியா ஒரு சரித்திர நாவல் எழுதினார். அந்தக் காலத்தில் இல்லாத ஆணி ஒன்றுகூடக் கதைக்குள் வரக் கூடாது என்பது அவர் பிடிவாதம். பூட்டன் காலத்துச் சண்டையில் யாரிடம் துப்பாக்கி, யாரிடம் வெறும் தடி என்று குடைந்து குடைந்து விசாரித்தார். தகர டப்பா இறைச்சி அப்போது கப்பலில் வரவில்லை என்று தெரிந்ததும் எழுதிய விருந்துக் காட்சியையே அடித்துவிட்டு, கதையில் மண்ணடுப்பில் பன்றியை வேகவைத்தார். அந்தக் காலத்துப் பேச்சுக்கு மட்டும் பக்கத்து வீட்டுக் கடைக்காரி சலாஃபாயிடம் போய் நிற்பார்.

"ஏன் வாத்தியாரே, பெரிய தலைவர் இப்படியா பேசுவாரு? மீன் வாங்க வந்தவன் மாதிரி இருக்கு!" என்று சிரித்துச் சிரித்துத் திருத்திக் கொடுப்பாள்.

இத்தனை கறாரான மனிதர் ஒரே ஒரு பொய் எழுதினார். அந்தச் சண்டையில் கூட வந்தவர்களை விட்டுவிட்டு ஓடியது அவருடைய சொந்தப் பூட்டன். அது இரண்டு வீடுகளுக்கு மட்டுமே தெரியும். சலாஃபாய் வீட்டார் பெருந்தன்மையாக வாயே திறந்ததில்லை. வாத்தியாரோ அந்த ஓட்டத்தைச் சலாஃபாயின் பூட்டன் தலையில் கட்டிவிட்டார். பெயரை மாற்றினார்தான், ஆனால் வீடு எது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

தேவாலயக் கூடத்தில் அதை வாசித்தபோது ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சலாஃபாயின் மகன் பெத்தேலோ அடுத்த வாரம் குடும்பத் தலைவர் பட்டம் ஏற்க இருந்தான்.

"டேய் பெத்தேலோ, பட்டம் கட்டுற அன்னிக்காவது நில்லுடா, ஓடிப்போயிடாதே!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

சலாஃபாய் எழுந்து போய்விட்டாள். வாத்தியாருக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளிடம் வாங்கிய சொற்களை வைத்தே அவள் வீட்டு மானத்தை வாங்கியிருக்கிறார்! வாசிப்பதை அங்கேயே நிறுத்திவிட்டார்.

பெரிய குற்றத்துக்கு எங்கள் பக்கம் மன்னிப்பு கேட்கும் முறை ஒன்றுதான். விடிந்ததும் வீட்டிலிருந்த விலையுயர்ந்த பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, சலாஃபாய் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். மன்னித்தால் பாயை எடுப்பார்கள். மன்னிக்காவிட்டால் கல்லும் விழும். வெயில் ஏறியது. தெருவில் கூட்டம் கூடியது.

கடைசியில் சலாஃபாயின் குரல் கேட்டது. "பாயை எடுக்கிறோம் வாத்தியாரே. ஓடினது யாருன்னு முதல்ல ஊருக்குக் கேக்கச் சொல்லுங்க."

பாய்க்குள் வியர்வை ஆறாக ஓடியது. "எங்க பூட்டன்தான்," என்றார்.

"கேக்கலை."

"எங்க பூட்டன்தான் ஓடினாரு!"

பெத்தேலோ பாயைத் தூக்கினான். வாத்தியார் நிமிர்ந்து பார்த்தபோது, தெருவில் நின்றிருந்த அவருடைய அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.