கடற்கரையில் மூடிய ஆபீசும் மலைமேல் நின்ற படகும்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தில் பஸ் ஏறி, இறங்கி, அதற்கப்புறம் நடந்தும் போக வேண்டிய ஒரு சிற்றூரில் ஓராசிரியர் பள்ளி. அதற்கு நான்தான் டீச்சர். தலைமையாசிரியை, மணி அடிப்பவள், கூட்டிப் பெருக்குபவள் எல்லாமும் நானே.

பள்ளிக்கும் ஊருக்கும் நடுவே ஓர் ஓடை. அதில் யாரோ புண்ணியவான்கள் ஒரு தடுப்பணை கட்டினார்கள். தண்ணீர் நின்றது, நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் நடந்து வரும் பாதையும் அந்தத் தண்ணீருக்குள்தான் போகும் என்பது வரைபடம் போட்டவருக்குத் தோன்றவில்லை. காட்டைச் சுற்றிக்கொண்டும் வரலாம். ஆனால் கரடி நடமாட்டம், பெரியவர்களே நாலு பேராகத்தான் வருவார்கள்.

அணை கட்டிய வருஷம் ஐப்பசியில் ஊர்க்கவுண்டர் தன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரைக் கடந்தபோது கால் வழுக்கி, இரண்டு பேரையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போக, ஒரு நொச்சிப் புதரைப் பிடித்து உயிர் தப்பினார்கள். ஊர்க்கவுண்டர் என்றதும் நரைத்த மீசையை நினைத்துவிடாதீர்கள். தகப்பனார் போனதால் ஊர்ப்பொறுப்பு சின்ன வயதிலேயே அவர் தலையில் விழுந்தது, என்னைவிட இளையவர். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மழைக்காலத்தில் ஒரு பிள்ளையும் வரவில்லை. பிள்ளைகள் வராத பள்ளியை அடிவாரத்துக்கு மாற்றிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து ஓலை வந்தது. அடிவாரத்துக்குப் போனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பு அவ்வளவுதான்.

மனு மேல் மனு போட்டு ஒரு படகு வாங்கினேன். நீலப் பெயின்ட் அடித்த மரப்படகு லாரியில் ஏறி மலைக்கு வந்தது. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. கூடவே வந்த ஒன்றிய ஆபீஸ் கிளார்க் அதைப் பள்ளிப் பக்கத்துக் கரையில் ஒரு புளியமரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டி, பூட்டின் மேல் அரக்கு முத்திரையும் வைத்தார். பொதுஜனம் ஏறுகிற படகென்றால் கடற்கரை ஊரில் இருக்கும் கப்பல், படகு ஆய்வு அலுவலகம் தகுதிச் சான்று தர வேண்டுமாம். அதுவரை யாரும் தொடக்கூடாதாம். நடுக்கடலுக்குப் போகிற படகுக்கும், கல்லை விட்டெறிந்தால் அக்கரையில் விழுகிற ஓடைக்கும் ஒரே சட்டம்! மலை ஜனங்களுக்கு முத்திரை என்றாலே நடுக்கம். தெரியாமல் எதையாவது தொட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். நான்தான் ஊரைக் கூட்டி, அந்தக் கடற்கரை ஆபீஸ் சொல்கிறவரை படகைத் தொடாதீர்கள் என்று விளக்கினேன்.

அந்த ஆபீசுக்குக் கடிதம் எழுதினேன். நினைவூட்டி எழுதினேன். பதிலே இல்லை. மழையும் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் இல்லாத வகுப்பில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒருநாள் லீவு போட்டுவிட்டு, பஸ் மாறி பஸ் ஏறி அந்தக் கடற்கரை ஊருக்கே போய்விட்டேன்.

ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. போர்டைக் கழற்றிய இடத்தில் ஆணிகள் மட்டும் இருந்தன. பக்கத்து ஆபீஸ் பியூன் டீ கிளாசோடு வந்தார்.

“இந்த ஆபீசா? மூடி மாசக்கணக்காச்சும்மா. எல்லாத்தையும் மெட்ராஸ்ல சேத்துட்டாங்க.”

“நான் போட்ட லெட்டர்லாம்?”

“தபால்காரன் கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போயிருப்பான்.”

குனிந்து கதவிடுக்கில் பார்த்தேன். தூசிக்குள் ஒரு குவியல் கவர்கள். மேலாகக் கிடந்ததில் என் கையெழுத்தே தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது.

திரும்பி வந்து ஒன்றிய ஆபீஸ் கிளார்க்கிடம், அந்த ஆபீசை மூடிவிட்டார்கள், மெட்ராசுக்காவது எழுதிக் கேளுங்கள் என்று முறையிட்டேன். அவர் விசிறியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

“மூடிட்டாங்கன்னு எங்களுக்குத் தகவல் வரலியேம்மா. தகவல் வர்ற வரிக்கும் அந்த ஆபீசு இருக்குதுன்னுதான் அர்த்தம்.”

“நான் பூட்டைப் பாத்துட்டு வர்றேன் சார்!”

“நீங்க பாத்தது இருக்கட்டும். ஃபைல் பாக்கணுமே.”

அந்த எரிச்சலோடு மலையேறினேன். அன்று ஊர்க்கவுண்டர் மூன்று பேரோடு காட்டைச் சுற்றி வந்து பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். போன காரியம் இன்னா ஆச்சி என்று கேட்டதுதான் தாமதம், எல்லாவற்றையும் அவர்மேல் கொட்டிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மூடிட்டாங்கன்னா, திருப்பித் தெறக்கவே மாட்டாங்களா டீச்சரம்மா?” என்றார்.

“மாட்டாங்க.”

“அப்ப அந்த ஆபீசு செத்துப்போச்சின்னு சொல்லுங்க.”

“ஆமாங்க, செத்துப்போச்சி! என் கண்ணால பாத்துட்டு வந்தேன்!” என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காய்த்த மரத்தில் ஒருவர் தழையைக் கொத்தாகக் கட்டிவிட்டால், அவர் அவிழ்க்கிறவரை வேறு யாரும் ஒரு காயைக்கூடத் தொடமாட்டார்கள். கட்டியவர் இறந்துவிட்டால் கட்டும் போச்சு, ஊர் கூடி அவிழ்த்துவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை. அவிழ்த்தவன் தன் குடும்பத்தோடு எல்லார் முன்னாலும் முதல் பழத்தைத் தின்ன வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கைவைப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அதைப் படகோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் புளியமரத்தடியில் சங்கிலி மட்டும் கிடக்கிறது. அரக்கு சுக்குநூறாகியிருந்தது. படகு அக்கரையில் நின்றது. இரண்டு கரையிலும் மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருந்தார்கள். “வேணாங்க! கேஸ் போட்டுடுவாங்க!” என்று இந்தக் கரையிலிருந்து அலறினேன்.

யாரும் காதில் வாங்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் கரையில் வரிசையாக நின்றார்கள். ஆனால் ஒருவரையும் ஏற்றவில்லை. ஊர்க்கவுண்டர் தன் மனைவியையும் மகளையும் கூப்பிட்டார். அந்தப் பெண் மகளை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். தண்ணீர் மேல் பேச்சு தெளிவாகக் கேட்டது.

“ஏற்கெனவே ஒரு தபா தண்ணி இவள கேட்டுச்சி. மறுபடியும் இவளேதானா?”

“கட்டை அவுத்தது நான். நம்ம புள்ளைய ஏத்தாம ஊரான் புள்ளைய ஏத்தச் சொல்றியா?”

அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு படகின் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்க, படகு ஆடி ஆடி வந்தது. நடுவில் ஒரு சுழலில் அது பக்கவாட்டில் திரும்பியபோது, நான் கும்பிடாத சாமி இல்லை. கரை சேர்ந்ததும் அந்தக் குழந்தை குதித்து இறங்கி, “டீச்சர், இன்னிக்குப் பள்ளிக்கூடம் உண்டா?” என்றது. நான் ஓடிப்போய் மணியை அடித்தேன்.

அதற்குப் பிறகுதான் மற்றப் பிள்ளைகள் ஏறினார்கள். அந்த மழைக்காலம் முழுக்க வகுப்பு நிறைந்திருந்தது. பள்ளியை மாற்றுகிற பேச்சும் அடங்கியது.

விஷயம் எப்படியோ எட்டி, கிளார்க் வந்து சேர்ந்தார். முத்திரையை உடைத்தது யார், ஊர்க்கவுண்டரை உடனே பார்த்தாக வேண்டும் என்று குதித்தார். அவரை அழைத்துப் போக அக்கரையிலிருந்து படகையே அனுப்பினார்கள். சான்று இல்லாத படகில் ஏறமாட்டேன் என்றுவிட்டார். காட்டு வழியாகப் போகலாமே என்றேன். கரடி என்றதும் அதற்கும் மாட்டேன் என்றார். கடைசியில் கரையில் குடையோடு நின்று நாலு கேள்வி கத்தினார்.

“ஆபீசு செத்துப்போச்சி சாமி, அதான் அவுத்தோம்!” என்று அக்கரையிலிருந்து பதில் வந்தது. அதை எப்படி ரிப்போர்ட்டில் எழுதுவது என்று என்னிடமே கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கேசும் வரவில்லை, சான்றும் வரவில்லை.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கட்டடத்துக்கு, பஸ்சுக்கு, பாலத்துக்கு என்று இன்றும் எங்கே போனாலும் யாரோ ஒருவர் ‘பத்திரமானது’ என்று கையெழுத்துப் போட்ட சான்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது: கையெழுத்துப் போட்ட மகராசரே, உங்கள் பிள்ளையை முதலில் ஏற்றினீர்களா?