சட்டைப்பையில் இருந்த ரோட்டர்

என் அத்தான் பல்செட் செய்பவர். ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில் முப்பது வருடம் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பல் அடுக்கிக் கொடுத்தார். "ஊர்ல பாதிச் சிரிப்பு என்னோடது" என்பார். நான் மறுத்ததில்லை, என் முன்பற்கள் இரண்டும் அவர் உபயம்தான். அந்தப் பற்களை வைத்துக்கொண்டு, சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் காலத்தை ஓட்டியவன் நான்.

அவர் கார் வாங்கியது அக்காவுக்காக. அக்காவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது, ஏறிய கால் மணி நேரத்தில் வாந்தி. அம்மாவும் நானும் இருந்ததோ இரண்டு மணி நேரத் தொலைவில். ஒவ்வொரு முறையும் அக்கா வெளிறிப்போய் வந்து இறங்குவாள். அம்மா அவளைப் படுக்கவைத்துவிட்டு அத்தானை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வை தாங்காமல்தான் மனிதர் கார் தேடக் கிளம்பினார். புதுசு வாங்க வழியில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் கொட்டகையில் இங்கிலாந்தில் செய்த பழைய குடும்பக் கார் ஒன்று நின்றது. நாலு கதவு, உருண்டை விளக்கு. அத்தானைவிட ஐந்து வயதுதான் இளையது.

பார்க்கப் போனபோது நானும் கூட இருந்தேன். அத்தான் துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்து, கதவுக்கு அடியில் அங்குலம் அங்குலமாக வைத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் காந்தம் ஒட்டவில்லை. "இங்க தகடு துருப்பிடிச்சுப் போச்சு. பட்டி வெச்சு பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றார்.

"என்ன சார், சொத்தைப் பல்லத் தேடுற மாதிரி தேடுறீங்க?" என்றார் தலைமையாசிரியர், கடுப்பாக.

"அதான் சார் என் பொழப்பு."

வாங்கியாயிற்று. அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகள் காருக்கு என்றாகிவிட்டன. அது எண்ணெய் ஒழுகும். அடியில் எப்போதும் ஒரு பழைய தட்டு இருக்கும். கார்பரேட்டரைப் பிரித்து, சமையலறையிலிருந்து சுட்டுவந்த கிண்ணத்தில் ஊறவைப்பார். பல்செட்டுக்கு மெருகேற்றும் பொடியாலேயே முன்பக்கக் கிரில்லையும் துலக்குவார். "மனுஷனுக்குக் கட்டுனது போதாதுன்னு இதுக்கும் பல்லு கட்டுறாரு" என்பாள் அக்கா. ஆனால் ஓட்டுவதில் அவள்தான் கெட்டிக்காரி. சோக்கைப் பாதி இழுத்து, ஆக்ஸிலேட்டரை இரண்டு மிதி மிதித்துச் சாவியைத் திருப்பினால் அவளுக்கு ஒரே தடவையில் கிளம்பிவிடும். தானே ஓட்டினால் வாந்தி வருவதில்லை என்பதையும் கண்டுபிடித்துக்கொண்டாள். மாதம் இரண்டு ஞாயிறு, கார் பழுது பார்த்த கையோடு, மகராசியாக வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாள். அம்மாவும் அத்தானை முறைப்பதை விட்டாள்.

அப்புறம் அவர்கள் பக்கத்துத் தெருவில் இதேபோன்ற பழைய கார் ஒன்று களவு போனது. அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. யோசனை சொன்னவன் நான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே கட்டைவிரல் அளவில் ரோட்டர் என்று ஒரு துண்டு இருக்கும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது அது. அதைக் கழற்றிவிட்டால் சாவியே கையில் இருந்தாலும் கார் கிளம்பாது. ஒரு மெக்கானிக் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன்.

"வேலைக்குப் போறப்ப கழட்டி சட்டைப்பையில போட்டுக்குங்க அத்தான். சாயங்காலம் வந்து மாட்டிடுங்க."

"உங்கக்கா எடுக்கணும்னா?"

"வார நாள்ல அவ எங்க போறா? அவகிட்ட சொல்லவும் வேணாம். அவ வாயில போட்டா தெருவுக்கே தெரிஞ்சிடும்."

நான் சொன்னது இதுதான். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அத்தானும் மறுநாளிலிருந்து அப்படியே செய்தார்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார் டாக்டர். அக்காவுக்கு போன் போட்டேன். "பத்தரை பஸ்ஸப் புடிச்சு வந்துடட்டா?" என்றாள்.

"பஸ் எதுக்கு? வாந்தி எடுத்துக்கிட்டா வருவ? கார எடுத்துட்டு உடனே கிளம்பு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் ரோட்டர் ஞாபகம் வந்தது. மறுபடி அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் அவள் கீழே போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள். அத்தானின் மருத்துவமனைக்கு அழைத்தேன். பல்செட் கொடுக்க வேறெங்கோ போயிருக்கிறார், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

அக்கா சாவியைத் திருப்பியிருக்கிறாள், திருப்பியிருக்கிறாள், பேட்டரி இறங்கும்வரை திருப்பியிருக்கிறாள். பத்தரை பஸ் போய்விட்டது, அடுத்தது மதியத்துக்கு மேல்தான். பதினொன்றே முக்காலுக்கு அத்தான் வியர்த்து விறுவிறுக்க ஓடிவந்து, பையிலிருந்து ரோட்டரை எடுத்து அவள் கண்ணெதிரே மாட்டினார். பேட்டரியில் உயிர் இல்லை. அக்கம்பக்கத்தார் தள்ளிவிட்டுக் கிளப்பினார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. அம்மா ஒன்றரைக்கே போய்விட்டாள். அதுவரை மூன்று தடவை, "அவ கிளம்பிட்டாளா?" என்று கேட்டாள். மூன்று தடவையும், "கார்ல வந்துட்டே இருக்காம்மா" என்றேன். பத்தரை பஸ்ஸில் ஏறியிருந்தால் பன்னிரண்டரைக்கு வந்திருப்பாள்.

அழுது ஓய்ந்தபின் அக்கா எல்லார் முன்னாலும் கேட்டாள். "அத ஏன் பையில தூக்கிட்டுப் போனீங்க? எவன் சொல்லிக் கொடுத்தான்?"

அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார். "நானாத்தான் செஞ்சேன்" என்றார்.

பிறகு தனியாகப் பிடித்து, நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். தலையை ஆட்டினார். "வேண்டாம்பா. அம்மா போயிட்டாங்க, இனி அவளுக்குப் பொறந்த வீடுன்னா நீ ஒருத்தன்தான். அதையும் கெடுக்கணுமா? என்மேல கோவம்னா கூடவே இருந்து தீத்துக்குவா."

எனக்கு அது வசதியாகப் போயிற்று. அதுதான் வெட்கக்கேடு.

அவள் கோபம் தீரவேயில்லை. அத்தான் மறுபடி ரோட்டரைக் கழற்றவே இல்லை. தினமும் காலை ஏழரைக்குக் கீழே போய், காரைக் கிளப்பி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சாவியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டுவார். "வண்டி ரெடியா இருக்கு" என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு வேலைக்குப் போவார். பதில் வராது. எங்கள் வீட்டுக்கு அவள் பஸ்ஸில்தான் வந்தாள், மடியில் பிளாஸ்டிக் பையோடு. பதினோரு வருடம். நானும் பஸ் நிலையத்துக்குப் போய் அவள் பையை வாங்கிக்கொண்டு, அத்தானின் கிறுக்குத்தனத்தைச் சொல்லிச் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

போன மாதம் அத்தான் இறந்தார். வந்தவர்கள் எல்லாம் போனபின், அக்கா ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். "இத வித்துடுடா. எனக்கு வேணாம்."

அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் மேற்கொண்டு நடிக்க முடியவில்லை. யோசனை சொன்னது, அவளிடம் சொல்லாதே என்றது, காரில் வா என்றது, அத்தான் என்னைத் தடுத்தது என எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், இனி வீட்டுப் படி ஏறாதே என்பாள் என்று காத்திருந்தேன். அவள் சமையலறை வாசல் பக்கம் திரும்பினாள்.

"தினம் காலையில வந்து வண்டி ரெடின்னு சொல்லுவாரு. ஒரு நாள்கூட நான் சரின்னு சொன்னதில்ல" என்றாள். "அந்த மனுஷன் இருக்கும்போதே இத நீ சொல்லியிருந்தா, சரின்னு சொல்லியிருப்பேனேடா."